முக்தார் பாய் பொறுக்கிய வயர்

ஆம்பூரில் முனீர் அகமது சாயபுவின் தோல் பதனிடும் டேனரிக்குள் எந்தச் சாமான் வந்தாலும், முதலில் முக்தார் அகமதுவின் கட்டைவிரலுக்கு சலாம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தோல் என்றால் சரி, அது அவர் தொழில். பதனிட்ட ஆட்டுத்தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தரம் உருட்டுவார். முதல் தரம், இரண்டாம் தரம், கழிசல் என்று பிரித்துப் போட்டுவிடுவார். அவர் குத்திய நீல மை முத்திரையைப் பார்த்தால் சென்னைப் பெரியமேட்டுத் தரகர்கள் தோல் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ரயிலேற்றுவார்கள். அதெல்லாம் உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆவாரம்பட்டை, கயிறு, சுண்ணாம்பு, சாயபு வீட்டுச் சமையலுக்கு வரும் புளி வரைக்கும் அந்த விரல் நீண்டதுதான் வம்பு. கடைசியில் அது கரண்டு வயர் மேலும் வந்து உட்கார்ந்தது.

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், சாயபு கறுப்பு மோட்டார் கார் ஒன்று வாங்கினார். டேனரியின் கடைக்கோடியில், பாலாற்றுப் பக்கத்து மதிலை ஒட்டி, அதற்கு ஓட்டுக் கொட்டகை எழும்பியது. பின்பக்கம் ஓர் அறை. அதில் டிரைவர் கவுஸ் பாஷாவும் அவன் பெண்டாட்டி நசீமுன்னிசாவும் ஆறு மாசக் கைக்குழந்தையும் குடியிருந்தார்கள். பாஷா முக்தாருக்கு அக்கா மகன். நசீமுன்னிசா அவர் பெற்ற பெண். அறைக்கும் மோட்டாருக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தட்டி. தட்டியை ஒட்டிப் பெட்ரோல் டின்களை அடுக்கியிருந்தார்கள். இந்தக் கொட்டகைக்கு ஆறு விளக்கு போடவேண்டும் என்று சாயபு உத்தரவு போட்டார்.

உத்தரவு வந்தது தானியேலுக்கு. டேனரியின் ஒரே வயர்மேன் அவன்தான். முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, எந்நேரமும் மூக்கு நுனியில் கோபம். அவன் அப்பா இதே டேனரியில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்றே செத்தவர். தானியேலும் பன்னிரண்டு வயசில் குழியில் இறங்கி, இருபத்துநாலு வயசு வரைக்கும் நின்றான். விரல் இடுக்கெல்லாம் வெந்து, நகம் உதிர்ந்து, சோற்றைப் பிசையும்போது உப்புப் பட்டால் உயிர் போய் உயிர் வரும். அப்புறம் ஓடிப்போய் வேலூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் நாலு வருஷம் வயர் வேலை கற்றுக்கொண்டு திரும்பினான். சாயபு கரண்டு எடுக்க டைனமோ வாங்கிய நேரம், வேலை கிடைத்தது. இனி எந்த ஜன்மத்திலும் அந்தக் குழியில் கால் வைப்பதில்லை என்று அவன் மாதா கோயிலில் சத்தியம் பண்ணியிருந்தான். அவனுக்கு இருந்த ஒரே சொத்து அந்தச் சத்தியமும் இந்த வேலையும்தான்.

முக்தாருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அவன் அப்பா அவர் எதிரில் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நிற்பார். இவனோ பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, சாயபு பக்கத்தில் நின்று, வோல்ட் என்கிறான், ஆம்பியர் என்கிறான். சாயபுவும் தலையாட்டுகிறார். தொட்டுப் பார்க்க முடியாத ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவன் அத்தனை திமிராகப் பேசுவதை முக்தாரால் பொறுக்க முடியவில்லை. தானியேலுக்கும் அவர்மேல் அன்பு ஒழுகவில்லை. அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் அவன் வயிறு எரிந்தது.

வயர் சென்னையிலிருந்து இரண்டு சுருளாக வந்தது. ஒன்று தானியேல் எழுதிக் கேட்டது: ஏழு பை இருபது. அதாவது, இருபதாம் நம்பர் செம்புக் கம்பி ஏழை ஒன்றாக முறுக்கி, மேலே மெல்லிசாக ரப்பரும் நூல் பின்னலும் போட்ட வயர். இன்னொன்று கடைக்காரன் தானாக அனுப்பிய மாதிரி. உள்ளே அதே இருபதாம் நம்பர் கம்பி ஒன்றே ஒன்று. மேலே மட்டும் கொழுகொழுவென்று கறுப்பு ரப்பர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டாவதுதான் பருமன். எது வேண்டுமோ வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம் என்று சீட்டு வைத்திருந்தான்.

தரம் பிரிக்கிற கூடத்தில், இருபது ஆள் பார்த்துக்கொண்டிருக்க, முக்தார் இரண்டையும் தன் மேஜைமேல் போட்டார். ஏழு கம்பி வயரை விரலில் உருட்டி முகத்தைச் சுளித்தார்.

"இது வெறும் எலும்பு. மேல தோலே இல்ல. பஞ்சத்துல அடிபட்ட ஆடு."

கொழுத்த வயரை எடுத்தார். வளைத்தார், முகர்ந்தார், கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுத்தார். நகம் பட்ட பள்ளம் உடனே நிரம்பியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது சரக்கு! எவ்ளோ கனம் பாரு, எவ்ளோ உறுதி பாரு. இதையே போடு."

தானியேல் முதலில் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். "பாய், வயருக்கு மேல இருக்கிற தோல் கணக்கு இல்ல. உள்ள இருக்கிற செம்புதான் கணக்கு. கரண்டு செம்புலதான் போவும், ரப்பர்ல போவாது. அதுல ஏழு கம்பி, இதுல ஒண்ணே ஒண்ணு."

"டேய், முப்பது வருஷமா மேல தொட்டுப் பாத்தே உள்ள இன்னா இருக்குதுன்னு சொல்றவன் நான். எனக்கு நீ பாடம் எடுக்கறியா?"

"தோலுக்கு நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன். இது தோல் இல்ல."

"சாயபு பங்களாவுல ஆறு விளக்கு எரியல? அதுக்கு இதவிட ஒல்லி வயர்தானே போட்ட? இங்க மட்டும் இன்னாத்துக்கு ஏழு?"

"பங்களா எஞ்சின் ரூமுக்கு அடுத்தாப்புல இருக்குது. கொட்டகை நூறு கஜம் தள்ளி. போவும்போதே பாதி கரண்டு வழியில போய்டும். நம்ம டைனமோ குடுக்கிறதே நூத்திப்பத்து வோல்ட்டு. சுண்ணாம்புக் குழிக்குத் தூரத்துக் கெணத்துல இருந்து தண்ணி விடணும்னா, விரக்கடை பைப்பா போடுவீங்க?"

அந்த உவமையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே அவனுக்கே தெரிந்துவிட்டது. முக்தார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"பாத்தீங்களா, எங்க போனாலும் சுண்ணாம்புக் குழி ஞாபகம்தான் வருது. அந்த நாத்தம் அவ்ளோ சீக்கிரம் போய்டுமா?"

இருபது ஆளும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்போதுதான் குழியிலிருந்து ஏறி வந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். தானியேலுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

சாயபுவிடம் போனான். முனீர் அகமது சாயபு கெட்டவர் இல்லை. சண்டை என்றால் அவருக்குத் தலைவலி வரும், அவ்வளவுதான். "முக்தார் பாய் சொல்ற மாதிரி செய்யி" என்று சொல்லிவிட்டுத் தபாலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

தானியேல் விடவில்லை. ஒரு தாளில் தமிழில் எழுதினான்: 'மோட்டார் கொட்டகைக்கு ஒற்றைக் கம்பி வயர் போதாது என்று வயர்மேன் தானியேல் சொன்னான். முக்தார் அகமது அவர்கள் தாமே பொறுக்கி இதைப் போடச் சொன்னார்கள்.' அதைக் கொண்டுபோய் முக்தாரின் மேஜைமேல் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னான். அவர் கையெழுத்துப் போடவில்லை. தோலுக்குக் குத்துகிற நீல முத்திரையை எடுத்து, மையில் அழுத்தி, தாளின் நட்டநடுவில் ஓங்கிக் குத்தினார்.

"கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டிக்க, போ."

தானியேல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வயரையும் இழுத்தான். முடிந்தவரை ஒழுங்காகவே இழுத்தான். எஞ்சின் ரூமில் மெல்லிய பியூஸ் போட்டு, ஆறு சின்ன பல்புக்கு மேல் ஒன்றுகூட இதில் மாட்டக்கூடாது என்று பாஷாவிடம் மூன்று தரம் சொன்னான்.

முதல் நாள் சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் ஆறு பல்பும் எரிந்தன. அதை எரிந்தன என்று சொல்வதே அதிகம். பல்புக்குள் கம்பி சிவந்து தெரிந்தது. மோட்டார் எங்கே நிற்கிறது என்று தட்டுத்தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. தானியேலின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து தொலைத்தது. முக்தார் அதைப் பார்த்துவிட்டார்.

"வேணும்னே வேலையக் கெடுத்து வெச்சிருக்கான்" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். "வயர் சேருற முட்டுல சரியா முறுக்கல. என் சரக்கு மேல பழி வரணும்னு பண்றான்."

அதோடு நின்றாரா? அவரே வேலூருக்கு ஆள் அனுப்பிப் பெரிய பெரிய பல்பாக வாங்கிவந்தார். ஆறைக் கழற்றிவிட்டுப் பத்து மாட்டச் சொன்னார். தானியேல் முடியாது என்றான். பாஷாவே ஏணி போட்டு மாட்டினான். பெரிய பல்பு என்றால் வயரில் கரண்டு இன்னும் ஜாஸ்தி ஓடும். கரண்டு ஜாஸ்தியானால் ஒல்லிக் கம்பி சூடாகும். எஞ்சின் ரூமில் பியூஸ் போனது. போட்டார்கள், மறுபடியும் போனது. மூன்றாம் நாள் பாஷா பழைய வயரிலிருந்து நாலு செம்பு இழையை உருவி, கயிறு மாதிரி முறுக்கிப் பியூஸில் கட்டிவிட்டான். அதன் பிறகு பியூஸ் போகவே இல்லை. கொட்டகையில் வெளிச்சமும் கொஞ்சம் கூடியது. முக்தார் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் அந்திநேரத்தில் தானியேல் கொட்டகைப் பக்கம் போனபோது, பலகைத் தட்டிக்குப் பின்னாலிருந்து நசீமுன்னிசாவின் குரல் வந்தது.

"வயர்காரரே, விளக்கு போட்டா ஏதோ தீயற நாத்தம் வருது. கொழந்த இருமிக்கினே கெடக்குது. இன்னான்னு பாருங்க."

தானியேல் டின்மேல் ஏறி, வயர் தட்டியைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தில் புறங்கையை வைத்தான். சுடச்சுட டீ ஊற்றிய டம்ளர் மாதிரி இருந்தது. நகத்தால் கீறினான். ரப்பர் வெண்ணெயாக விலகியது. காலுக்குக் கீழே பெட்ரோல் நாற்றம். பக்கத்தில் தட்டிக்கு அந்தப்புறம் குழந்தையின் இருமல்.

இறங்கி எஞ்சின் ரூமுக்கு ஓடினான். பியூஸில் கட்டியிருந்த செம்புக் கயிற்றைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிடுங்கி எறிந்தான். விளக்கு அணைந்ததும் பாஷா ஓடிவந்தான். தானியேல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வயரைத் தொட்டுப் பார்க்க வைத்தான்.

பாஷா கையை உதறினான். "அய்யோ, சுடுதுப்பா."

"சுடுதுல்ல? உன் பொண்டாட்டியும் கொழந்தையும் இதுக்குக் கீழதான படுக்கிறாங்க? போய் உங்க மாமாகிட்ட சொல்லு."

"நானா? மாமா என்னைக் கொன்னே போட்டுடுவாரு. பேஜார் புடிச்ச வேலை. நீயே சொல்லிக்க."

தானியேலே போய்ச் சொன்னான். முக்தார் அந்திநேர மஃரிபு தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றுகூடக் கேட்கவில்லை.

"எண்ணெய் தடவின தோலை வெயில்ல போட்டா சூடாவாதா? எரிஞ்சா போவுது? எனக்குத் தெரியாத சூடா? அங்க இருக்கிறது என் மக. எனக்கு இல்லாத அக்கறை உனக்கு இன்னாத்துக்கு? பியூஸ்ல கைய வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்."

மறுநாள் காலையில் பார்த்தால் பியூஸில் மறுபடியும் செம்புக் கயிறு. இந்தத் தரம் இன்னும் தடியாக.

அப்போது தானியேலுக்கு ஒரு கெட்ட நினைப்பு வந்தது. வந்தது என்ன, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. எரியட்டுமே! ஒரு நாள் எரியட்டும். ஊர் கூடட்டும். சாயபு 'யார் பொறுக்கிய வயர் இது?' என்று கேட்கட்டும். அப்போது இந்தத் தாளை எடுத்து, நீல முத்திரை தெரிய விரித்துக் காட்டினால், அந்தக் கட்டைவிரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று பார்க்கலாம். அதை நினைக்க நினைக்க அவனுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், இரண்டு நாள் அந்த இனிப்பிலேயே நடமாடினான். வீட்டில் பெண்டாட்டி அன்னம்மாளிடமும் தாளைக் காட்டிப் பீற்றிக்கொண்டான்.

அன்னம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இத எங்க கொண்டுபோய்க் காட்டப் போற? சாவு வீட்டுலயா?"

தானியேலுக்குச் சுருக்கென்றது. அவளைக் கண்டபடி திட்டினான். திட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டேனரிக்குக் கிளம்பினான்.

அன்றைக்குப் பார்த்து சாயபு வீட்டில் விருந்து. பெரியமேட்டிலிருந்து ஒரு பெரிய தரகர் வந்திருந்தார். முக்தாரின் முத்திரையை நம்பி, கட்டைக்கூடப் பிரிக்காமல், வருஷம் முழுக்க வரப்போகிற சரக்கை ஒரே பேச்சில் முடித்திருந்தார். சாயபு அவரை மோட்டாரில் பாலாற்றுக் கரை வரைக்கும் அழைத்துப் போயிருந்தார். திரும்பி வரும்போது கொட்டகை ஜொலிக்கவேண்டும் என்று முக்தார் பத்து விளக்கையும் பகலிலேயே போட வைத்துவிட்டார்.

தானியேல் வந்தபோது இருட்டிவிட்டிருந்தது; வயர் மூன்று மணி நேரமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. தட்டியருகே ரப்பர் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. இந்தத் தரம் அவன் யாரிடமும் சொல்லப் போகவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? எஞ்சினை நிறுத்தினால் பங்களாவும் இருட்டாகும். இரண்டே நிமிஷத்தில் மறுபடியும் ஓட்டுவார்கள். பியூஸைப் பிடுங்கினால் மறுபடியும் கட்டுவார்கள். மரப்பெட்டியை மதிலோரம் இழுத்துப் போட்டு ஏறினான். குறடை வைத்து வயரை வெட்டினான். ஒரு கஜம் தள்ளி இன்னொரு வெட்டு. துண்டை உருவிக்கொண்டு இறங்கினான்.

அதே நேரத்தில் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. திடீரென்று இருட்டியதில் பாஷா தடுமாறி, வண்டியைச் சுவரில் இடித்தான். மட்கார்டு நசுங்கியது. தரகரின் குல்லாய் எகிறி விழுந்தது. எல்லோரும் ஓடிவந்தபோது தானியேல் கையில் குறடோடு நின்றான். ஓடி ஒளியவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தப்புச் செய்ததாக அவன் நினைத்தால்தானே?

மறுநாள் காலை தரம் பிரிக்கிற கூடத்தில் விசாரணை. சாயபு நடுவில், பக்கத்து நாற்காலியில் தரகர், கையில் டீ. முக்தார் தன் மேஜையில். பாஷா தூணோரம். தானியேல் அந்த ஒரு கஜ வயரை சாயபுவின் எதிரில் வைத்தான்.

"பாருங்க மொதலாளி. ரப்பர் உருகி ஒட்டிக்கினு இருக்குது. உள்ள கம்பியப் பாருங்க, ஊசி கணக்கா இருக்குது. பத்து பெரிய பல்பு இது தாங்காது. கொட்டகை பத்திக்கினு இருக்கும். உள்ள கொழந்த இருக்குது."

முக்தார் எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் அந்தத் துண்டைக் கட்டைவிரலில் வைத்து உருட்டினார். அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ மாறியதைத் தானியேல் பார்த்தான். விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அதை ஜிப்பாவில் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தினார்.

"சரக்கு நல்லாத்தான் இருக்குது. வெட்டினவன் புத்திதான் கெட்டுப் போச்சு."

சாயபு வயரை வாங்கினார். அவர் நகமும் ரப்பருக்குள் இறங்கியது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தரகரைப் பார்த்தார். தரகர் பக்கத்திலிருந்த தோல் கட்டின் மேல், நீல முத்திரைக்கு நேர்மேலே, கையை ஊன்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சாயபு கைக்குட்டையால் நகத்தைத் துடைத்தார்.

"எரிஞ்சுதா தானியேல்?"

"எரியல மொதலாளி. எரியறதுக்கு முன்னாடி நான்…"

"எரியல. எரியலன்னா வயர் மேல இன்னா தப்பு?"

தானியேல் தூண் பக்கம் திரும்பினான். "பாஷா, நீ தொட்டுப் பாத்தியே. சுடுதுன்னு சொன்னியே. சொல்லுப்பா."

பாஷா மாமாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி. திடீர்னு இருட்டாய்டுச்சு, இடிச்சிட்டேன்."

அப்போதுதான் தானியேல் தாளை எடுத்தான். இந்த நிமிஷத்துக்காகத்தானே அதை இத்தனை நாள் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தான்! சாயபு நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு முத்திரையை விரலால் தட்டினார்.

"முக்தார் பாய் பாத்து, பொறுக்கி, முத்திரை போட்ட சாமான். அத நீ வெட்டியிருக்க. உன் கையாலயே எழுதியும் குடுத்திருக்க. அவ்ளோதானே?"

தரகர் பெரிதாகச் சிரித்தார். "அந்த முத்திரை இருந்தா நாங்களே கட்டைப் பிரிக்கறதில்ல சாயபு. உங்க ஆளு வெட்டியே பாத்துட்டான்!"

கூடமே சிரித்தது. சாயபு சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று தானியேலுக்குப் புரிந்தது. அந்தக் கட்டைவிரல் வயரில் தப்பியது என்று தரகர் எதிரில் ஒப்புக்கொண்டால், தோலில் தப்பியிருக்காதா என்ற கேள்வி வரும். ஒரு வயர்மேனுக்காக எந்த முதலாளி அந்தக் கேள்வியை வரவிடுவான்? சாயபு தாளை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"வயர் வேலை இனிமே உனக்கு இல்ல. கணக்க முடிச்சிக்கினு போய்டு."

"சுண்ணாம்புக் குழியில ஆளு கம்மியா இருக்குது" என்றார் முக்தார். "வேணும்னா வரட்டும். அவங்க அப்பன் நின்ன எடம்தான்."

"நான் நிக்க மாட்டேன்" என்றான் தானியேல். "உன் மக உயிரோட இருக்கிறா. அத நெனச்சிக்கினு நல்லா சிரி." இத்தனை வருஷத்தில் அவரை அவன் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேர் அவனைக் கழுத்தில் கைவைத்து வெளியே தள்ளினார்கள்.

வாணியம்பாடிக்குப் போனான், வேலூருக்குப் போனான், ராணிப்பேட்டைக்குப் போனான். டைனமோ இருக்கிற முதலாளிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சம்பந்தியோ தோஸ்தோதான். மோட்டார் கொட்டகை வயரை அறுத்தவன் என்ற பேர் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பழைய காண்ட்ராக்டரும் இப்போது ஆள் வேண்டாம் என்று வாசலோடு அனுப்பிவிட்டார். இருபத்தைந்து நாள் இப்படி அலைந்தான். இருபத்தாறாம் நாள், அன்னம்மாள் பழைய கோணிக் கச்சையை எடுத்துக் கொடுத்தாள். அதே டேனரியின் சுண்ணாம்புத் தண்ணீரில் முழங்கால் இறங்கியதும், ஆறிப்போன இடமெல்லாம் பழையபடி எரிய ஆரம்பித்தது. மாதாவிடம் பண்ணிய சத்தியத்தை அவன் அப்போது நினைக்கவில்லை. நினைத்தால் இறங்கியிருக்க முடியாது.

அதற்குள் கொட்டகைக்கு வேறு வயர் வந்துவிட்டிருந்தது. சென்னையிலிருந்து வந்த ஆள் ஒருவன், ஏழு கம்பி வயரையே இழுத்துவிட்டுப் போனான். இழுப்பதற்கு முன்னால் முக்தார் அதை விரலில் உருட்டி, 'இதுதான் சரக்கு' என்று சொல்லி முத்திரை குத்தினாராம். குழியில் இருந்தவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். பத்துப் பல்பும் பளிச்சென்று எரிகின்றன, எல்லாம் பாய் கைராசி என்றார்கள்.

குழியிலிருந்து பார்த்தால் கொட்டகையின் பின்பக்கம் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து தானியேல் ஏறி வரும்போது, நசீமுன்னிசா இடுப்பில் குழந்தையோடு கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இருமவில்லை. கன்னம் உப்பியிருந்தது. அவன் தன்னை அறியாமல் நின்றுவிட்டான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னா பாக்கற? என்னப் பெத்த அத்தாவ ஊர் முன்னாடி தலைகுனிய வெக்கப் பாத்தல்ல? அதான் அல்லா உன்ன எங்க நிக்க வெக்கணுமோ அங்க நிக்க வெச்சிருக்கான்."

"தீயற நாத்தம் வருதுன்னு நீதானம்மா சொன்ன?"

"நானா? நான் ஒண்ணும் சொல்லல." அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

தானியேல் ஈரக் காலோடு அங்கேயே நின்றான். கொட்டகையில் விளக்குப் போட்டார்கள்; பத்தும் ஒரே நேரத்தில் எரிந்தன. எரிய விட்டிருக்கவேண்டும், அன்றைக்கு எரிய விட்டிருக்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னான். சத்தமாக இன்னொரு தரம் சொன்னான். எத்தனை தரம் சொன்னாலும் மனசு அதற்கு உடன்பட மாட்டேன் என்றது. இன்றைக்கு அந்த வயர் மறுபடியும் சூடானால், இதே காலோடு ஓடிப்போய் மறுபடியும் வெட்டுவான் என்று அவனுக்குத் தெரிந்தது. முக்தார்மேல்கூட வராத அத்தனை கோபம் அப்போது அவனுக்குத் தன்மேலேயே வந்தது.